செம்பும் அதன் மெருகும்

ஊரிலிருந்து கொண்டுவந்த செப்புக் குடமோ, செம்போ, குத்துவிளக்கோ நம் அறைகள் பலவற்றில் இருக்கின்றன. அவற்றைத் துலக்குவது எப்படி என்று நண்பர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில், கற்றதையும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

துலக்குமுன் அறிய வேண்டுவது ஒன்று: செம்பின்மேல் படிந்திருப்பது என்ன? அது மூவகைப்படும்.

முதலாவது, பழுப்பு நிறப் படலம். காற்றிலுள்ள ஆக்சிஜன் செம்போடு கூடுவதால் இது உண்டாகிறது. வெளிப்புறத்தில் இருப்பதால் தீங்கில்லை. அழகு கருதி நீக்கலாம்.

இரண்டாவது, பச்சைக் களிம்பு. ஈரமும் புளிப்பும் உப்பும் சேர்ந்த இடத்தில் இது ஏறும். உண்கலத்தின் உள்ளே இருப்பின் நஞ்சாகும். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருத்தல் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. மோர், ரசம், எலுமிச்சைச் சாறு முதலியவற்றை வெறும் செப்புக் கலத்தில் வைக்கலாகாது என்பதன் காரணமும் இதுவே.

இவ்விரண்டையும் நீக்கப் புளியே போதும். சிறிது புளியை ஊறவைத்து, உப்புச் சேர்த்து, மென்மையான துணியால் தேய்க்க வேண்டும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் படலத்தைக் கரைக்கிறது. உப்பு அதை விரைவுபடுத்துகிறது. பின்னர் நன்றாகக் கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்தல் வேண்டும். இரண்டு செம்புகளை இவ்வாறு துலக்கி, ஒன்றைத் துடைத்தும் மற்றொன்றை ஈரத்தோடு விட்டும் பார்த்தேன். ஈரத்தோடு விட்டதில் மறுநாளே கறை விழுந்தது; மற்றது பல நாள் ஒளி குன்றாதிருந்தது.

மூன்றாவது, மனிதர் பூசிய பூச்சு. கதவுக் கைப்பிடி, அலங்கார விளக்கு போன்றவற்றின்மேல் வார்னிஷ் இருக்கலாம். அவற்றுக்குப் புளி வேண்டா; சோப்பு நீரில் நனைத்த துணியே போதும். வார்னிஷ் திட்டுத்திட்டாக உரிந்திருந்தால், காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்ட வைத்து, அசிட்டோனால் முழுவதும் நீக்கி, துலக்கி உலர்த்தி, மீண்டும் வார்னிஷோ மெழுகோ மெல்லியதாகப் பூசலாம். உண்கலத்தின் உட்புறத்தில் இவற்றைப் பூசவே கூடாது.

உண்கலத்தின் உட்புறப் பூச்சு ஈயம். பாத்திரத்தைக் கனலில் காய்ச்சி, நவச்சாரத் தூளைத் தூவி, ஈயத்தைத் தொட்டுப் பஞ்சால் விரைந்து தடவுவர். நவச்சாரம் படலத்தை அகற்றுவதால் ஈயம் நன்கு பற்றுகிறது. வடநாட்டில் இதைக் 'கலாய்' என்பர். அமிர்தசரஸ் மாவட்டத்து ஜண்டியாலா குருவில் தட்டேரர் எனும் கன்னார் செம்பு, பித்தளைக் கலங்கள் செய்யும் தொழில்முறையை யுனெஸ்கோ நிறுவனம் 2014-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஈயம் என்று பொதுவாகச் சொன்னாலும் வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பூச வேண்டுவது வெள்ளீயமே. காரீயம் உடலில் தங்கிக் கெடுக்கும் கொடிய நஞ்சு. பூசுவோரிடம் இதைக் கேட்டுத் தெளிதல் கடன். மேலும், வெள்ளீயம் 232 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். ஆதலால் ஈயம் பூசிய கலத்தை வெறுமையாக அடுப்பில் வைத்தலும், மணலிட்டுத் தேய்த்தலும் ஆகா.

நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது வீட்டுப் பழம்பாத்திரங்களின் உட்புறத்தை ஒருமுறை பாருங்கள். ஈயம் தேய்ந்து செந்நிறம் தெரியுமாயின், மீண்டும் பூசும்வரை அதில் சமைக்க வேண்டாமென்று அன்னையரிடம் சொல்லுங்கள். நாம் கற்கும் வேதியியல் அடுக்களைக்குப் பயன்படட்டும்.