தண்ணீரில் பயணம் செய்யும் மரபணு

துவாஸ் என்றதும் தொழிற்சாலைகளும் துறைமுகமும் மலேசியாவுக்குச் செல்லும் இரண்டாம் இணைப்புப் பாலமும் நம் நினைவுக்கு வரும். நம் வீட்டுக் குளியலறைக்கும் துவாஸுக்கும் தொடர்பு உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். தீவின் மேற்குப் பகுதியில் பயன்படுத்தப்பட்ட நீரை ஆழமான சுரங்கங்கள் வழியாகத் துவாஸ் நீர் மீட்பு ஆலைக்குக் கொண்டு செல்வது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் திட்டம். நாளொன்றுக்கு 800,000 கன மீட்டர் நீரைச் சுத்திகரிக்கும் வகையில் அந்த ஆலை வடிவமைக்கப்பட்டுள்ளது.

அந்த நீரில் சோப்பு, எண்ணெய், உணவுத் துகள்கள் ஆகியவற்றுடன் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களும் கலந்திருக்கும். அவற்றுள் சில, பாக்டீரியாவை அழிக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையே எதிர்த்து உயிர் வாழக்கூடியவை. அந்தத் திறனைத் தருவது அவற்றிலுள்ள எதிர்ப்பு மரபணு.

ஒருவர் நுண்ணுயிர்க்கொல்லியை உட்கொள்ளும்போது அவர் உடலிலுள்ள பாக்டீரியாக்களில் பல மடிகின்றன. எதிர்ப்புத் திறன் கொண்ட சில மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. ஈ.கோலை என்னும் பாக்டீரியா, ஏற்ற சூழல் அமைந்தால் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும்.

பெருகுவதோடு பாக்டீரியாக்கள் நிற்பதில்லை. அண்டை வீட்டாருக்குச் சமையல் குறிப்பை எழுதிக் கொடுப்பவர் தம்மிடமும் ஒரு படியை வைத்துக்கொள்வார் அல்லவா? அதைப்போல ஒரு பாக்டீரியா தன் எதிர்ப்பு மரபணுவின் படியை மற்றொன்றுக்கு வழங்குகிறது. பெற்றுக்கொள்வது வேறோர் இனமாகவும் இருக்கலாம். பல இனப் பாக்டீரியாக்கள் ஒன்றுசேரும் கழிவுநீரும் கால்வாய் நீரும் இப்பரிமாற்றத்திற்கு ஏற்ற இடங்கள். இறந்த பாக்டீரியாவிலிருந்து வெளியேறும் மரபணுவைக்கூட உயிருள்ள சில பாக்டீரியாக்கள் எடுத்துக்கொள்ளும். ஆகவே, கிருமியைக் கொன்றவுடன் ஆபத்து முழுமையாக நீங்கிவிட்டது என்று கூற முடியாது.

இது எவ்வளவு கவலைக்குரியது என்பதை என்டிஎம்-1 என்னும் மரபணு உலகுக்கு உணர்த்தியது. மற்ற மருந்துகள் பலன் தராதபோது மருத்துவர்கள் நாடும் கார்பபெனம் வகை மருந்துகளையும் அது செயலிழக்கச் செய்கிறது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பிற நாட்டு ஆய்வாளர்களும் இணைந்து 2010ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் ஆகிய நாடுகளின் நோயாளிகளிடம் இம்மரபணு காணப்படுவதை அது தெரிவித்தது. சென்னை நோயாளிகளும் அவர்களுள் அடங்குவர்.

மறு ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, மருத்துவமனைக்கு வெளியே, புதுடில்லியின் தண்ணீரைச் சோதித்தது. தெருக்களில் தேங்கியும் சிற்றோடையாக ஓடியும் கிடந்த நீரின் 171 மாதிரிகளில் 51இல் என்டிஎம்-1 இருந்தது. குழாய்நீர் மாதிரிகள் 50இல் இரண்டிலும் அது இருந்தது. காலரா நோயை உண்டாக்கும் பாக்டீரியா இனமும் அம்மரபணுவைப் பெற்றிருந்தது ஆய்வாளர்களுக்கு அதிர்ச்சியளித்தது.

சிங்கப்பூரில் மழைநீரும் கழிவுநீரும் தனித்தனி வழிகளில் செல்கின்றன. மழைநீர் நீர்த்தேக்கங்களைச் சேர்கிறது. கழிவுநீர் ஆலைகளுக்குப் போகிறது. இந்தப் பிரிவினை நமக்குப் பெரும் பாதுகாப்பு. இங்குள்ள ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலும், நோயாளிகளைப் பாதிக்கக்கூடிய எதிர்ப்பு மரபணுக்கள் கழிவுநீரிலேயே மிகுதியாக இருந்தன. துவாஸ் ஆலையில் பயன்படும் சவ்வுகளின் துளைகள் பாக்டீரியாவைவிடச் சிறியவை. வழக்கமான சுத்திகரிப்பு முறையைவிடச் சவ்வு முறை எதிர்ப்பு மரபணுக்களைக் கூடுதலாக நீக்குவதாகச் சிங்கப்பூர் ஆய்வுகள் காட்டியுள்ளன. புதுநீராக மாறும் நீர், அதற்குப் பிறகும் எதிர்ச்சவ்வூடு பரவல், புறஊதாக்கதிர் ஆகிய கட்டங்களைக் கடக்கிறது.

எனினும், ஆலை காப்பது ஒரு பாதையை மட்டுமே. எதிர்ப்புத் திறன் கொண்ட பாக்டீரியா மனிதரிடமிருந்து மனிதருக்கும், உணவு வழியாகவும் பரவும். 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1.27 மில்லியன் பேர் இத்தகைய தொற்றுகளால் நேரடியாக உயிரிழந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. நுண்ணுயிர்க்கொல்லிகள் பலனற்றுப் போனால் அறுவை சிகிச்சையும் புற்றுநோய்ச் சிகிச்சையும் மிகுந்த ஆபத்துக்குரியவை ஆகிவிடும்.

இதைத் தடுப்பதில் நமக்கும் பங்குண்டு. சளிக்காய்ச்சல் வைரஸால் வருவது. நுண்ணுயிர்க்கொல்லியால் அது குணமாகாது. எனவே, அம்மருந்தைத் தருமாறு மருத்துவரை வற்புறுத்தக் கூடாது. அவர் தந்தால், அவர் கூறிய அளவிலும் கால அளவிலும் உட்கொள்ள வேண்டும். தம்பிக்கும் அதே இருமல்தானே என்று நம் மாத்திரையை அவனுக்குக் கொடுக்கக் கூடாது. மிஞ்சிய மருந்தைக் கழிவறையிலோ கைகழுவும் தொட்டியிலோ கொட்டவும் கூடாது. நாம் கொட்டுவது மறைந்து போவதில்லை. எங்கோ ஓர் ஆலையில் அதை யாரோ நீக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையைக் குறைக்கும் முதல் வேலை நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே தொடங்குகிறது.