தீமை எங்கிருந்து வந்தது? – நாத்திகர் கேள்வியும் கிறிஸ்தவர் மறுமொழியும்



நன்னெறி வகுப்பில் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பெட்டி வைப்பது என் வழக்கம். வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்விகளைப் பெயர் எழுதாமல் அதில் போடலாம். பெரும்பாலும் தேர்வைப் பற்றியும் தோழியரைப் பற்றியும்தான் கேள்விகள் வரும். இவ்வாண்டு வந்த ஒரு தாள் மட்டும் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

“சிஸ்டர், நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் சித்தி வேளாங்கண்ணியில் சுனாமியில் இறந்துவிட்டார்கள். மாதாவைப் பார்க்கத்தான் போனார்கள். ‘நாம் என்ன பாவம் செய்தோமோ’ என்று அம்மாச்சி இன்றும் அழுகிறார்கள். மாமாவோ அன்றிலிருந்து கோவிலுக்கு வருவதில்லை. கடவுள் இருந்தால் இப்படி நடக்குமா என்று கேட்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?”

இதற்கு ஒரே வரியில் விடை எழுத என்னால் இயலவில்லை. ஆகவே இந்த ஆண்டு மலரில் உங்கள் எல்லாரோடும் சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

இருவகைத் தீமை

தீமை என்று நாம் சொல்வதில் இருவகை உண்டு. ஒன்று, மனிதர் செய்யும் தீமை: கொலை, களவு, சாதிக் கொடுமை, பொறுப்பின்மை. மற்றொன்று, இயற்கையால் வரும் தீமை: நிலநடுக்கம், வெள்ளம், பஞ்சம், நோய். 2004ஆம் ஆண்டு தமிழகம் இவ்விரண்டையும் கண்டது. அவ்வாண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டனர். சமையற்கூடத்து நெருப்பு கூரைக்குப் பரவியது. நெருக்கடியான கட்டடத்தில் குழந்தைகளுக்குத் தப்ப வழியில்லை. இது மனிதர் பொறுப்பின்மையால் விளைந்தது. ஐந்து மாதங்கள் கழித்து, டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் பொங்கியது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகளும் அவர்களுள் அடங்குவர். இதை எந்த மனிதர் செய்தார்? யாருமில்லை. ஆகவேதான் இரண்டாவது கேள்வி முதலாவதைவிடக் கடினமாயிருக்கிறது.

நாத்திகர் சொல்வது என்ன?

நாத்திகர் என்றால் தீயவர், மனம்போன போக்கில் வாழ்பவர் என்று சிலர் நினைப்பதுண்டு. அது தவறு. பகத்சிங்கை எண்ணிப் பாருங்கள். 1930ஆம் ஆண்டு லாகூர்ச் சிறையில், தாம் நாத்திகரானது செருக்கினால் அன்று என்பதை விளக்கி அவர் ஒரு கட்டுரை எழுதினார். மறுஆண்டு மார்ச் 23 அன்று தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 23. மோட்சத்தை எதிர்பாராமலே தம் உயிரைக் கொடுத்தார். அந்தக் கட்டுரையைத் தோழர் ப. ஜீவானந்தம் தமிழாக்கினார், பெரியாரின் ‘குடி அரசு’ இயக்கத்தார் அதை வெளியிட்டனர். அதற்காகச் சிறையும் சென்றனர்.

பகத்சிங் அதில் நம்மை நோக்கி நேராகவே கேட்கிறார். எல்லாம் வல்ல கடவுள் துன்பம் நிறைந்த உலகை ஏன் படைத்தார்? தவறு செய்யப்போகும் மனிதனின் கையை ஏன் அவர் முன்னதாகவே பிடிக்கவில்லை? முற்பிறவி வினை என்று சொல்லி இந்து ஒருவேளை விடை கூறலாம். முற்பிறவியை ஏற்காத கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் என்ன சொல்வீர்கள்? இதுவே அவருடைய கேள்வியின் சாரம். இந்தக் கேள்வியின் வேர் மிகப் பழமையானது. கடவுள் நல்லவராகவும் வல்லவராகவும் இருந்தால் தீமை ஏன் என்னும் வினா, கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் எபிகூரஸின் பெயரால் வழங்கிவருகிறது.

தந்தை பெரியார் இதையே நம் மண்ணின் மொழியில் கேட்டார். ஒருவன் பிறக்கும்போதே தீண்டத்தகாதவன் என்றால் அதைச் செய்தது கடவுளா, மனிதனா? கடவுள் என்றால் அந்தக் கடவுள் வேண்டாம். மனிதன் என்றால் அதை மனிதனே மாற்றவேண்டும். இதுவே அவர் வாதம்.

நாத்திகரின் கருத்தைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கடலுக்கு மனம் கிடையாது. கடலடியில் பாறைத் தட்டுகள் நகர்ந்தன, நீர் எழுந்தது. அதில் தண்டனையும் இல்லை, சோதனையும் இல்லை. மனிதனுக்கு மனிதன் செய்வதே உண்மையான தீமை. அதை நீக்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையது.

நாம் சொல்லக்கூடாத விடை

இதற்கு மறுமொழி கூறுமுன், நம்மிடையே உலவும் ஒரு தவறான விடையை விலக்கிவிட வேண்டும். துன்பப்படுகிறவர் ஏதோ பாவம் செய்திருப்பார் என்பதே அது.

பெரியோரும் இதில் தவறியதுண்டு. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அப்போது தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழகத்தில் பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் அனுப்பிய தண்டனையே இது என்றார். அவரை மகாத்மா என்று போற்றிய கவி தாகூர் இதை வெளிப்படையாக மறுத்தார். இயற்கை நிகழ்ச்சியை மனிதரின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது பகுத்தறிவுக்கு ஒவ்வாது. இதே வாதத்தைக் காந்தியின் எதிரிகளும் அவருக்கு எதிராகக் கையாளலாமே என்றார். அந்த மறுப்பைக் காந்தியடிகள் தம் ‘ஹரிஜன்’ ஏட்டிலேயே வெளியிட்டது அவருடைய பெருந்தன்மை.

நம் ஆண்டவர் இயேசு என்ன சொன்னார்? பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டனர். இரண்டும் இல்லை என்றார் இயேசு. விளக்கம் சொல்லி நிறுத்தாமல் அவருக்குப் பார்வையும் அளித்தார் (அருளப்பர், அதாவது யோவான் நற்செய்தி, 9ஆம் அதிகாரம்). சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்றே கூறினார் (லூக்கா, 13). பாவத்தால்தான் துன்பம் வந்தது என்று யோபுவிடம் வாதாடிய நண்பர்களைக் கடவுளே கடிந்துகொண்டார் என்கிறது பழைய ஏற்பாடு.

கவனித்தீர்களா? இந்த ஒரு விஷயத்தில் இயேசுவும் நாத்திகரும் ஒரே பக்கம் நிற்கின்றனர். ஆகவே, ஆலயத்துக்குள் கடல் நீர் வரவில்லை என்று பெருமை பேசுவோர் சற்று நிதானிக்க வேண்டும். கல்லைக் காத்த கடவுள் கரையில் நின்ற பிள்ளையைக் கைவிட்டாரா என்று ஒரு தாய் கேட்டால் நம்மிடம் பதில் ஏது?

கிறிஸ்தவரின் மறுமொழி

ஹிப்போ நகர ஆயராயிருந்த புனித அகுஸ்தினார் (354–430) தீமையைப் பற்றி நெடுங்காலம் சிந்தித்தவர். தீமை தனியொரு பொருளன்று. இருக்கவேண்டிய நன்மை இல்லாமையே தீமை என்றார். பார்வை இல்லாமை குருடு. நீதி இல்லாமை கொடுமை. கடவுள் படைத்த யாவும் நல்லவையே. மனிதன் தன் சுதந்தரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் தீமை நுழைந்தது. கட்டாயத்தால் நல்லவனாயிருப்பவனை நல்லவன் என்று யாரும் சொல்வதில்லையே!

இவ்விளக்கம் கும்பகோணத்துக்குப் பொருந்தும். ஆனால் வேளாங்கண்ணிக்கு? இயற்கை தன் ஒழுங்கில் இயங்கினால்தான் உயிர்கள் வாழமுடியும், அந்த ஒழுங்கே சில வேளை நம்மைத் தாக்குகிறது என்று அறிஞர் சொல்வர். அது உண்மையாயிருக்கலாம். மகளைப் பறிகொடுத்த அம்மாச்சிக்கு அது ஆறுதல் தருமா? தராது. ‘ஏன்?’ என்ற கேள்விக்கு முழு விடை நம்மிடம் இல்லை என்று ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. யோபுவுக்கும் விடை கிடைக்கவில்லை. கிறிஸ்தவம் தருவது ஒரு சிலுவை. கடவுள் தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. மனிதராய் வந்து, துன்புற்று, தந்தை தம்மைக் கைவிட்டாரோ என்று கதறி உயிர்விட்டார் என்பதே நம் விசுவாசம்.

அப்படியானால் நாத்திகரும் நாமும் எங்கே பிரிகிறோம்? மூன்று இடங்களில்.

முதலாவது, அவர்களுக்குச் சுனாமி ஒரு நிகழ்ச்சி. நமக்கு அது நடந்திருக்கக் கூடாத ஒன்று. நல்லதாகப் படைக்கப்பட்ட உலகில் ஏற்பட்ட புண்.

இரண்டாவது, நாத்திகருக்கு முறையிட ஆளில்லை. நமக்கு உண்டு. சங்கீதங்களில் பல முறையீடுகள்தாமே! கடவுளிடம் கோபித்துக்கொள்வதும் செபமே.

மூன்றாவது, இறந்தவர்கள். அவர்கள் முடிந்துபோனார்கள் என்பது நாத்திகர் முடிவு. சாவுக்குக் கடைசிச் சொல் இல்லை, இறந்தோருக்கும் நீதி உண்டு என்பது நம் நம்பிக்கை. இந்த நம்பிக்கை ஏழைகளைத் தூங்கவைக்கும் தாலாட்டு என்று அவர்கள் குற்றஞ்சாட்டுகின்றனர். அதை நாம் பணிவோடு கேட்கவேண்டும். மேலுலக சமத்துவத்தைப் பாடிக்கொண்டே கீழே சாதிச் சுவர் எழுப்பியவர்கள் நாம். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்துக்குள்ளேயே சாதிகளைப் பிரித்த தடுப்பு இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இடிக்கப்பட்டது. நாத்திகர் கேள்வி நமக்கு நல்ல கண்ணாடி.

நம் மண் சொல்லும் பாடம்

மதுரையில் வாழும் நமக்கு ஓர் எடுத்துக்காட்டு அருகிலேயே உண்டு. 1876இல் தாது வருடத்தில் மழை பொய்த்தது. தென்னகமெங்கும் பெரும் பஞ்சம் வந்து இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். மழை பெய்யாதது இயற்கை. மக்கள் பசித்துக் கிடக்கையிலும் தானியம் கப்பலேறியது மனிதர் செயல். பஞ்சத்துக்குப் பின் 1887இல் பெரியாற்று அணை வேலை தொடங்கி 1895இல் நிறைவேறியது. மேற்கே கடலுக்கு ஓடிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டு வையைக்கு வந்தது. மேலூர்ப் பக்கம் வறண்ட நிலம் நெல் விளையும் வயலானது. அந்த அணையைக் கட்டி மலைக்காட்டில் காய்ச்சலுக்கு இரையான கூலியாட்களில் யார் கடவுளை நம்பினார், யார் நம்பவில்லை என்று நாம் கேட்பதில்லை, சோறு உண்கிறோம்.

சுனாமியிலும் இப்படியே. சுமத்திராவுக்கு அருகில் நிலம் நடுங்கியபின் அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. எச்சரிக்கத்தான் ஏற்பாடில்லை. 2007இல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தது. தீமையின் காரணத்தில் கருத்து வேறுபடலாம். அதைத் தடுக்கும் வேலையில் வேறுபட வேண்டியதில்லை.

முடிவாக

பெயர் எழுதாத என் அன்பு மகளே, உன் அம்மாச்சியிடம் போய், “நாம் பாவம் செய்ததால் சித்தி இறக்கவில்லை, இயேசுவே அப்படிச் சொல்ல மறுத்திருக்கிறார்” என்று சொல். உன் மாமாவிடம் வாதாடாதே. தங்கையை நேசித்ததால்தான் அவர் கோபப்படுகிறார். அந்தக் கோபத்தில் அன்பு இருக்கிறது. இருவரில் யார் சரி என்று கேட்டாய். பாவம் என்று அழுவதில் அம்மாச்சி சொல்வது சரியன்று. அதை மறுக்கும் அளவில் மாமா சொல்வது சரி. ஆனால் சித்தியின் கதை அந்தக் கரையோடு முடிந்துவிட்டது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அதை உனக்கு நிரூபித்துக் காட்ட என்னால் முடியாது. நம்புகிறேன். டிசம்பர் 26 அன்று உன் சித்திக்காகச் செபிக்கிறேன், உன் மாமாவுக்காகவும்.

சிந்திக்க:

1. உன் ஊரில் நடந்த ஒரு துன்ப நிகழ்ச்சியை எடுத்துக்கொள். அதில் இயற்கையின் பங்கு எது, மனிதர் பங்கு எது?
2. துக்க வீட்டில் சொல்லக்கூடாத ஆறுதல் மொழிகள் எவை? ஏன்?
3. கடவுளை நம்பாத ஒருவரோடு சேர்ந்து நீ செய்யக்கூடிய நற்பணி ஒன்றை எழுதுக.