சேஜ்பிரஷ்: வறட்சி தாங்கும் செடியும் வளர்ப்பவர் நம்பிக்கைகளும்

அமெரிக்காவின் மேற்கே நெவாடா, யூட்டா மாநிலங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெளிர்சாம்பல் நிறத்தில் படர்ந்திருக்கும் புதர், சேஜ்பிரஷ். தாவரவியலில் இதற்கு ஆர்ட்டிமீசியா டிரைடென்டேட்டா என்று பெயர். பூக்கடைகளில் மணக்கும் மரிக்கொழுந்தும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். 1917இல் நெவாடா இதைத் தன் மாநில மலராக ஏற்றது. குறைந்த நீரில் தோட்டம் போடும் வழக்கம் அந்த வறண்ட மாநிலங்களில் பரவியபின், இப்புதரும் இதன் வெள்ளியிலை உறவுகளும் வீட்டு முற்றங்களுக்கு வந்தன.

வறட்சி தாங்கும் செடிக்குத் தண்ணீரே வேண்டாம் என்பது பரவலான நம்பிக்கை. புதிதாக நட்ட கன்றுகள் பல காய்ந்துபோவது இதனால்தான். முதிர்ந்த புதரின் வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. மேல்மண்ணில் பரவும் வேர்கள் பனி உருகிய நீரைப் பிடித்துக்கொள்கின்றன. இரவில் இந்த வேர்கள் ஆழத்து ஈரத்தை மேலே கொண்டுவந்து காய்ந்த மேல்மண்ணில் கசியவிடுகின்றன. பகலில் செடி அதையே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. 1987இல் ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் என்ற ஆய்வாளர்கள் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். வறட்சியைத் தாங்கும் ஆற்றலில் பெரும்பங்கு இந்த வேரில் இருக்கிறது. தொட்டியில் வளர்ந்த கன்றுக்கோ அந்த வேர் இன்னும் அமையவில்லை. ஆகவே முதல் ஒன்றிரண்டு கோடைகளில் மண் நன்றாகக் காய்ந்தபின், ஆழம்வரை ஊறும்படி நீர் விட வேண்டும். தினமும் சிறிது தெளிப்பது கெடுதல். வேர் மேலேயே தங்கிவிடும்.

நடுக்கோடையில் இலை உதிர்ந்தால் செடி சாகிறது என்று பதறுவதும் தவறு. சேஜ்பிரஷ் இருவகை இலை விடும். வசந்தத்தில் வரும் பெரிய இலைகள் வறட்சி கூடும்போது உதிர்ந்துவிடும். நுனியில் மூன்று பற்களுள்ள சிற்றிலைகள் குளிர்காலம் முழுவதும் நிலைக்கும். நீர்ச் செலவைக் குறைத்துக்கொள்ளச் செடி தானே செய்யும் ஏற்பாடு இது. அந்த நேரத்தில் குடம் குடமாக ஊற்றினால் வேர் அழுகும். வறட்சியில் பிழைத்திருக்கக்கூடிய வேரூன்றிய புதரை இப்படிப் பரிவினாலேயே இழப்பது மிகவும் வருந்தத்தக்கது.

இலையின் வெள்ளி நிறம் தூசியோ பூஞ்சையோ அல்ல. நெருக்கமான நுண்மயிர்கள் இலையை மூடி, வெயிலைத் திருப்பி அனுப்பி, ஈர இழப்பைக் குறைக்கின்றன. நிழலில் நட்டால் அந்தப் பொலிவு மங்கி, கிளைகள் நீண்டு சாயும்.

எதற்கும் உதவாத மண்ணில்தான் சேஜ்பிரஷ் வளரும் என்பார்கள். உண்மையில் ஆளுயரப் புதர்கள் நின்ற இடத்தை ஆழமான நல்ல நிலத்துக்கு அடையாளமாகக் கொண்டே மேற்கில் குடியேறிய உழவர்கள் பலர் ஏர் பூட்டினார்கள். இதற்கு வேண்டியது ஆழமும் வடிகாலும். களிமண்ணாக இருந்தால் மேடு கட்டி நடுவது நல்லது. எரு அதிகமானால் தளதளவென்று வளர்ந்து நடுவில் பிளந்து விழும்.

எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும் என்ற எண்ணம் பெருஞ்சேதம் விளைவிக்கிறது. முற்றிய கட்டை வரை வெட்டப்பட்ட சேஜ்பிரஷ் பெரும்பாலும் மீள்வதில்லை. ஆர்ட்டிமீசியா கேனா போன்ற சில உறவினங்கள் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். பலரும் விரும்பி நடும் பாவிஸ் காசில் என்ற கலப்பினத்தை வசந்தத்தில், துளிர் தெரியும் இடத்துக்கு மேலே கத்தரிக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் கத்தரிப்பதைத் தவிர்ப்பது நல்லது.

வறண்ட தோட்டச் செடி தீக்கும் அஞ்சாது என்று நம்பி இதை வீட்டுச் சுவரை ஒட்டி நடுவதும் உண்டு. இலையில் மணக்கும் எண்ணெய் எளிதில் பற்றி வேகமாக எரியும். எரிந்த புதர் அடியிலிருந்து முளைக்காது. காட்டுத்தீ வரும் பகுதிகளில் இதைச் சுவரிலிருந்து நன்கு விலக்கி, புதருக்குப் புதர் இடைவெளி விட்டு நட வேண்டும்.