பட்டறைத் தூசுக்கும் பெயிண்ட் நெடிக்கும் எந்த மாஸ்க்?

சுவரில் பட்டி தேய்ப்பதானாலும், டைல்ஸ் அறுப்பதானாலும், பழைய கதவைச் சுரண்டி வார்னிஷ் அடிப்பதானாலும் கையில் கிடைத்த துணியை முகத்தில் கட்டிக்கொள்வதுதான் நம் வழக்கம். ஆனால் தூசு வேறு, நெடி வேறு. ஒன்றைத் தடுக்கும் மாஸ்க் மற்றொன்றைத் தடுக்காது. வாங்கும் முன்பும் மாட்டும் முன்பும் கவனிக்க வேண்டியவை இதோ:

1. முதலில் வேலை எது என்று பாருங்கள். மரத்தூள், பட்டித் தூள், சிமென்ட், வெல்டிங் புகை எல்லாம் நுண்துகள்கள். இவற்றுக்கு வடிகட்டி மாஸ்க் போதும். தின்னர், வார்னிஷ், பசை ஆகியவற்றிலிருந்து வருவது ஆவி. இதற்குக் கரி அடைத்த கேட்ரிட்ஜ் வேண்டும். ஸ்ப்ரே பெயிண்டில் துகளும் ஆவியும் சேர்ந்தே வருவதால் இரண்டும் தேவை.

2. துண்டு, கர்சீப், சர்ஜிக்கல் மாஸ்க் ஆகியவற்றை நம்ப வேண்டாம். பெரிய தூள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்குத் தெரியாத பொடி. அது துணியின் இழைவழியாகவும் கன்னத்து இடைவெளி வழியாகவும் எளிதில் நுழைந்துவிடும்.

3. பொதுவான தூசுக்கு என்95 அல்லது எஃப்எஃப்பி2 வாங்குங்கள். முன்னது 95 சதவீதம், பின்னது 94 சதவீதம் நுண்துகள்களைத் தடுக்க வேண்டும் என்பது விதி. எஃப்எஃப்பி1 என்றால் 80 சதவீதம்தான். இந்தியத் தயாரிப்பு என்றால் ஐஎஸ் 9473 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. கல், கிரானைட், டைல்ஸ், கான்கிரீட் அறுத்தால் ஒரு படி மேலே போங்கள். இந்தத் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணமாக்க மருந்து இல்லை. எஃப்எஃப்பி3 மாஸ்க் அல்லது பி100 வடிகட்டி பொருத்திய ரப்பர் மாஸ்க் நல்லது. பிளேடின் மேல் தண்ணீர் விட்டு அறுத்தால் தூள் கிளம்புவதே பெருமளவு குறையும். அதற்கென்று தயாரித்த கட்டிங் மெஷினாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷாக் அடிக்கும்.

5. எழுத்துக்கும் பொருள் உண்டு. என்95-இல் உள்ள 'என்', எண்ணெய்த் திவலைக்கு அது தாங்காது என்பதைக் காட்டுகிறது. லேத் பட்டறை போல எண்ணெய் தெறிக்கும் இடத்தில் 'பி' வகை வாங்குங்கள்.

6. தின்னர், வார்னிஷ் நெடிக்கு, ஆர்கானிக் வேப்பர் கேட்ரிட்ஜ் பொருத்திய ரப்பர் அல்லது சிலிகான் மாஸ்க் வேண்டும். அமெரிக்க முறையில் இதன் நிறம் கறுப்பு. ஐரோப்பிய முறையில் பழுப்பு. வெள்ளை நிறம் ஐரோப்பாவில் தூசு வடிகட்டியைக் குறிக்கும், அமெரிக்காவில் அமில வாயுக் கேட்ரிட்ஜைக் குறிக்கும். ஆகவே நிறத்தை மட்டும் பார்க்காமல் எழுதியிருப்பதையும் படியுங்கள். ஸ்ப்ரே செய்வதானால் கேட்ரிட்ஜுக்கு முன்னால் தூசு வடிகட்டியும் வையுங்கள்.

7. ஹார்ட்னர் கலந்து அடிக்கும் கார் பெயிண்டிலும் பியு பாலிஷிலும் ஐசோசயனேட் இருக்கும். நெடி தெரியாத அளவிலேயே இது ஆஸ்துமாவை வரவழைத்துவிடும். இதை ஸ்ப்ரே செய்ய வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் கவசம் தேவை. அந்த வசதி உள்ளவர்களிடம் வேலையை விட்டுவிடுவதே நல்லது.

8. ஜிஐ பைப்பை வெல்டிங் செய்யும்போது துத்தநாகப் புகை வரும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரலாம். பற்றவைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்து வேலை பாருங்கள். தேய்க்கும்போதும் மாஸ்க் வேண்டும்.

9. விலையைவிட முகத்தில் படிவதே முக்கியம். காதில் மாட்டுவதைவிடத் தலையைச் சுற்றி இரண்டு பட்டை உள்ளது இறுக்கமாக நிற்கும். தாடி இருந்தால், மூன்று நாள் முள்தாடியானாலும், ஓரத்தில் காற்று கசியும். மாட்டியதும் இரு கைகளாலும் மாஸ்க்கை மூடி மூச்சை இழுங்கள். அது முகத்தோடு ஒட்ட வேண்டும். மூச்சை விடும்போது கண்பக்கம் காற்று அடித்தால் மூக்குக் கம்பியை அழுத்திச் சரிசெய்யுங்கள்.

10. என்95 மாஸ்க்கைத் துவைக்காதீர்கள், சானிடைசரும் தெளிக்காதீர்கள். அதன் இழைகளில் உள்ள நிலைமின்சாரம்தான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பும் ஆல்கஹாலும் அதைப் போக்கிவிடும். ரப்பர் மாஸ்க் என்றால் வடிகட்டியையும் கேட்ரிட்ஜையும் கழற்றிவிட்டு, முகப்பகுதியை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவலாம்.

11. தூசு வடிகட்டியில் மூச்சு இழுக்கச் சிரமமானால் மாற்றுங்கள். கேட்ரிட்ஜில் அப்படித் தெரியாது. உள்ளே நெடி வந்தால் கரி நிரம்பிவிட்டது, மாற்றுவதற்கு ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று பொருள். திறந்து வைத்தால் சும்மா இருக்கும்போதே காற்றிலுள்ள ஆவியை இழுத்துக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடி, திறந்த தேதியை எழுதி வையுங்கள்.

12. கழிவுநீர்த் தொட்டி, கிணறு, மூடிய சம்ப் ஆகியவற்றில் எந்த வடிகட்டி மாஸ்க்கை நம்பியும் இறங்கக் கூடாது. மாஸ்க் காற்றைச் சுத்தம் செய்யும்; இல்லாத ஆக்சிஜனைத் தராது. ஜெனரேட்டர் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடையும் சாதாரணக் கேட்ரிட்ஜ் தடுக்காது.

13. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு மாஸ்க் வழியே மூச்சு விடுவது சிரமமாகலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

14. வேலை முடிந்தபின் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், கம்ப்ரஸர் காற்றால் உடையை ஊதாதீர்கள். அடங்கிய தூசு மறுபடி கிளம்பும். ஈரத் துணியால் துடைத்து, அந்த உடையைத் தனியாகத் துவைக்கப் போடுங்கள். இதெல்லாம் முடியும்வரை மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும்.