பால் பாக்கெட்டைக் கழுவிய நாட்கள்

கொரோனா பரவிய 2020 ஏப்ரலில் எங்கள் வீட்டு வாசற்படிக்கு வெளியே நீல வாளி ஒன்று இருந்தது. உள்ளே சோப்புத் தண்ணீர். விடிகாலையில் வரும் பால் பாக்கெட் நேராக அதில்தான் விழும். அம்மா அதை நான்கு பக்கமும் தேய்த்து, குழாயடியில் அலசி, துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தேடுவார். தக்காளியும் கத்தரிக்காயும், மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறும். பருப்புப் பொட்டலங்கள் மொட்டைமாடி வெயிலில் ஒரு பகல் முழுக்கக் கிடக்கும். ஒருநாள் ரூபாய் நோட்டுகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். 50 ரூபாய் நோட்டு ஒன்றின் ஓரம் பழுப்பேறிவிட்டது.

அதே நாட்களில், பத்தடிக்குப் பத்தடி இருக்கும் அண்ணாச்சி கடைக்குள் எட்டுப் பேர் முண்டியடித்து நின்று, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, “அரைக் கிலோ ரவை” என்று கத்திக்கொண்டிருந்தோம். நானும் அந்த எட்டுப் பேரில் ஒருவன்.

பாக்கெட்டுக்குக் காட்டிய கவனத்தில் பாதியை மூச்சுக்குக் காட்டியிருந்தால், மாலை போட்ட படம் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் ஏறாமல் இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். அன்றைய நம்பிக்கைகள் பல இன்னும் நம் பேச்சில் அப்படியே இருக்கின்றன. புதிதாக ஒரு தொற்று வந்தால் முதலில் அவைதான் எழுந்து வரும். அதனால்தான் இப்போதே பேசிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

“கடையில் வாங்கியதைத் தொட்டால் தொற்றிக்கொள்ளும்”

இந்தப் பயம் வெறும் வதந்தியில் பிறந்ததில்லை. 2020 மார்ச்சில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் ஆய்வுக்கூட முடிவை வெளியிட்டார்கள். பிளாஸ்டிக், எவர்சில்வர் பரப்புகளில் 72 மணி நேரம் வரையிலும் அட்டைப்பெட்டியில் 24 மணி நேரம் வரையிலும் வைரஸின் தடயம் தெரிந்தது என்றார்கள். அந்த எண்கள்தான் வாட்ஸாப் வழியாக நம் சமையலறைக்கு வந்தன. கூடவே வராத விஷயம் ஒன்று உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஏராளமான வைரஸை ஒரு பரப்பில் வைத்து, அது எப்போது அழிகிறது என்று பார்த்தார்கள். கடைப்பையன் தொட்ட பாக்கெட்டில் அவ்வளவு இருக்காது. இருப்பதிலும் பெரும்பகுதி நேரம் ஆக ஆகச் செத்துக்கொண்டே போகும். மிஞ்சியது கைக்கு வந்து, கையிலிருந்து மூக்குக்கோ கண்ணுக்கோ போய்ச் சேர வேண்டும். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி கணித்துச் சொன்னது இதுதான்: வைரஸ் பட்ட பரப்பு ஒன்றைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு.

அதற்காகக் கை கழுவியது வீணில்லை. இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். வயிற்றுப்போக்கு போன்ற வேறு நோய்களுக்கும் கை கழுவுவதுதான் முதல் அரண். ஆனால் காய்கறியைச் சோப்பிலும் பிளீச்சிங் பவுடரிலும் ஊறவைப்பது கெடுதல். அது வயிற்றுக்குள் போகும். காய்கறிக்கு ஓடுகிற நல்ல தண்ணீர் போதும்.

“ஆறடி தள்ளி நின்றால் போதும்”

பெரிய எச்சில் துளிகள் கொஞ்ச தூரத்தில் கீழே விழுந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பேசும்போதும் பாடும்போதும் சும்மா மூச்சு விடும்போதும்கூடக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளியே வருகின்றன. காற்றோட்டமில்லாத அறையில் அவை ஊதுபத்திப் புகையைப் போல மிதந்து பரவும். பூஜையறையில் ஏற்றிய ஊதுபத்தியின் வாசனை ஆறடியில் நின்றுவிடுவதில்லை அல்லவா?

2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள். குவாங்சௌ நகரின் ஓர் உணவகத்தில், ஜன்னல் இல்லாத தளத்தில், மூன்று குடும்பங்கள் அருகருகே மேசை போட்டுச் சாப்பிட்டன. ஒருவரிடம் தொற்று இருந்தது. ஏசி அதே காற்றை அந்த மூன்று மேசைகளுக்கு மேல் சுற்றிச்சுற்றி வீசியது. அந்தக் குடும்பங்களில் மொத்தம் 10 பேருக்கு நோய் வந்தது. தட்டைத் தொட்டு எடுத்த பரிமாறுபவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. எனக்கு இந்த விஷயத்தை முதன்முதலில் சரியாகப் புரியவைத்தது இந்த ஒரு வேளைச் சாப்பாடுதான்.

உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச் 28 அன்று, இது காற்றில் பரவும் நோய் அல்ல என்று சமூக ஊடகத்தில் அடித்துச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்தின் விலை பெரிது. ஜன்னலைத் திறப்பதற்குக் காசு செலவில்லை. அதை யாரும் நம்மிடம் உரக்கச் சொல்லவில்லை. கடைகளில் கல்லாவைச் சுற்றிப் பிளாஸ்டிக் திரை கட்டச் சொன்னார்கள். நேராகத் தெறிக்கும் எச்சிலை அது தடுத்திருக்கும், ஆனால் பல சின்னக் கடைகளில் இருந்த கொஞ்சக் காற்றையும் அது அடைத்துவிட்டது.

“துணி ஓட்டையைவிட வைரஸ் சின்னது, மாஸ்க் எதைத் தடுக்கும்?”

கேட்டால் நியாயமாகப் படுகிற வாதம். ஆனால் முகக்கவசம் மாவு சலிக்கும் சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. என்95 வகைக் கவசத்தில் மெல்லிய இழைகள் தாறுமாறாகப் பல அடுக்காகக் கிடக்கும். பெரிய துகள் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகளோ நேர்கோட்டில் போகாது, அங்குமிங்கும் தடுமாறிக்கொண்டே போய் ஏதாவது ஓர் இழையில் இடித்துவிடும். போதாததற்கு இழைகளில் நிலைமின்னேற்றம் இருக்கிறது. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல அது துகளை இழுக்கும். இழைகளுக்கு அப்படி மின்னேற்றம் செய்யும் முறை ஒன்றை உருவாக்கியவர் தைவானில் பிறந்த பீட்டர் சாய். இந்தக் கவசங்களைச் சோதிப்பது ஏறத்தாழ 0.3 மைக்ரான் துகளை வைத்துத்தான். அதில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பதால்தான் பெயரில் 95. அதைவிடச் சின்னவையும் மேலே சொன்ன வழிகளில் மாட்டிக்கொள்ளும்.

முகக்கவசம் கொரோனாவோடு வந்ததும் இல்லை. 1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென்-தே பஞ்சும் மெல்லிய துணியும் வைத்துத் தைத்த கவசத்தை எல்லோரும் அணிய வேண்டும் என்றார். உதவிக்கு வந்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களிலேயே பிளேக்கில் இறந்தார்.

நம் பக்கத்திலேயே ஒரு பெரிய சோதனை நடந்தது. வங்கதேசத்தில் 600 கிராமங்களில், 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்தினார்கள். பாதி கிராமங்களில் வீடுதேடிப் போய் இலவசமாகக் கவசம் கொடுத்தார்கள், ஊர்ப் பெரியவர்களைப் போடவைத்தார்கள், சந்தையிலும் பள்ளிவாசலிலும் நினைவூட்டினார்கள். சரியாக அணிந்தவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தார்கள். அந்த உயர்வுக்கே, சர்ஜிகல் கவசம் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு வந்த தொற்று 11 சதவீதம் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் குறைவு சுமார் 35 சதவீதம். துணிக் கவசத்துக்கு இப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் தெரு தையல்கார அக்கா ரவிக்கை லைனிங் துணியில் தைத்துக் கொடுத்ததை இரண்டு வருடம் போட்டவன் நான். ஒன்றுமில்லாததற்கு அது மேல், அவ்வளவுதான்.

முதலில் மக்களுக்குக் கவசம் வேண்டாம் என்றவர்கள் பிறகு போடச் சொன்னார்களே என்று கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்வி. உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்கான தன் அறிவுரையை மாற்றியது 2020 ஜூன் 5 அன்று. அதுவரை மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்குமே கவசம் போதவில்லை என்ற கவலை இருந்தது. அதை ஒளிக்காமல் சொல்லியிருந்தால், “இருப்பது குறைவு, அவர்களுக்கு விடுங்கள்” என்று கேட்டிருந்தால், நம் ஜனங்கள் கொடுத்திருப்பார்கள்.

கவசம் போட்டால் ஆக்சிஜன் குறையும் என்பது பொய். ஆக்சிஜனும் கரியமில வாயுவும் அந்த இழைகளுக்கு இடையே தாராளமாகப் போய்வரும். நம் ஊர் வெக்கையில் வியர்த்து நசநசக்கும், நனைந்தால் மூச்சு இழுக்கக் கஷ்டமாகும். அது உண்மை, மாற்றிக்கொள்ள வேண்டும். நீலப் பக்கத்தை நோயாளியும் வெள்ளைப் பக்கத்தை மற்றவர்களும் வெளியே வைக்க வேண்டும் என்று சுற்றிய படமும் பொய். நிறமுள்ள பக்கம் எப்போதும் வெளியேதான். கவசத்தால் உண்மையிலேயே தவித்தவர்கள் வேறு. உதடு பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் காது கேளாதவர்களுக்கு ஊர் முழுக்க ஒரே நாளில் வாய் மூடிப்போனது. அவர்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவே இல்லை.

“கடை நேரத்தைக் குறைத்தால் பரவல் குறையும்”

2020 ஏப்ரல் 5 முதல் தமிழ்நாட்டில் மளிகை, காய்கறிக் கடைகளுக்குக் காலை 6 முதல் மதியம் 1 மணி வரை என்று நேரம் வைத்தார்கள். வாங்குகிற ஜனம் அதே ஜனம், வாங்குகிற சாமானும் அதேதான். நேரம் மட்டும் பாதி. கூட்டம் எப்படிக் குறையும்? ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் 25ஆம் தேதி ஊரே கடைவீதியில் நின்றது. கோயம்பேட்டில் தோளோடு தோள்.

அதற்குப் பின் வந்த வாரங்களில்தான் கோயம்பேடு சந்தை பெரிய தொற்று மையம் என்று தெரிந்தது. சென்னையிலிருந்து கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை அந்தச் சந்தையோடு தொடர்புள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் பாதிக்கப்பட்டார்கள். மே 5 அன்று சந்தையை மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்குக் கொண்டுபோனார்கள். செப்டம்பர் கடைசியில்தான் காய்கறிக் கடைகள் கோயம்பேட்டில் மறுபடி திறந்தன. தொற்றுச் செய்தி வந்ததுமே “கோயம்பேடு காயா, வேண்டாம்” என்று பலர் சொன்னார்கள். கத்தரிக்காய் யாருக்கும் நோய் கொடுக்கவில்லை. குறுகலான வழிகளில் மூட்டை தூக்கியவர்களும் விலை கூவியவர்களும் நெருக்கமாகத் தங்கிய கூலித் தொழிலாளர்களும் ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசித்தார்கள். சென்னைக்குச் சோறு போட்ட அந்தத் தொழிலாளர்கள் ஊர் திரும்பியபோது, நோயைக் கொண்டுவந்தவர்கள் என்று வசை வாங்கினார்கள். எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். ஒருநாள் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு பை, ஒரு செருப்பு, ஒரு செங்கல். ஆட்கள் எல்லோரும் எதிரே இருந்த ஒரே வேப்பமர நிழலில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். வெயிலில் நிற்க முடியாதவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வட்டத்தின் மேல் ஒரு சாமியானா போட்டிருந்தால் வட்டத்தில் நின்றிருப்பார்கள். டோக்கனில் நாளும் நேரமும் எழுதிக் கொடுத்தது நல்ல ஏற்பாடு, அது பல இடங்களில் பலித்தது. எங்கள் அண்ணாச்சியும் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். “லிஸ்ட்ட வாட்ஸாப்புல போட்டுருங்க தம்பி, கட்டி வெச்சிருதேன், வந்து பைய எடுத்துட்டுப் போங்க” என்றார். கடைக்குள் நிற்கும் நேரம் இருபது நிமிடத்திலிருந்து ஒரு நிமிடமானது.

“மருந்து தெளித்தால் உடம்பு சுத்தமாகிவிடும்”

2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்று வைத்தார்கள். உள்ளே நடந்தால் மேலே தூவும். அதைப் பார்த்துப் பல ஊர்களில் வைத்தார்கள். நோய் இருப்பது நெஞ்சுக்குள், சட்டைமேல் தெளித்து என்ன ஆகும்? கண்ணும் தோலும் மூச்சுக்குழாயும் எரிந்ததுதான் மிச்சம். ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகமே மனிதர்கள்மேல் தெளிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. நெற்றியில் நீட்டிய வெப்பமானியும் அப்படித்தான். அது கதிர் எதையும் மூளைக்குள் அனுப்பாது, ஆகவே அந்தப் பயம் வேண்டாம். ஆனால் காய்ச்சல் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றவைக்கக்கூடியவரை அதனால் கண்டுபிடிக்கவும் முடியாது.

“கொரோனாவோடு ரொக்கம் போய்விட்டது”

பாதிதான் சரி. யுபிஐ பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை 2020 ஏப்ரலில் சுமார் 100 கோடி, அக்டோபரில் 200 கோடியைத் தாண்டியது. ஆனால் அதே 2020-21இல் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு 16.8 சதவீதம் கூடியது என்கிறது ரிசர்வ் வங்கி. கடைக்காரர் முன்னால் செல்பேசியை நீட்டிய ஜனம், நாளை என்ன ஆகுமோ என்று பீரோவில் பணமும் வைத்துக்கொண்டது. ஊரடங்கில் ஒரே நாளில் கூலி நின்றுபோனதைப் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

“அதெல்லாம் முடிந்த கதை”

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் முடித்தது அவசரநிலையைத்தான். வைரஸ் இன்னும் நம்மோடுதான் சுற்றுகிறது. காசநோயும் ஃப்ளூவும் அம்மையும் பரவுவது இதே காற்றில்தான்.

போன மாதம் அம்மாவை முழங்கால் வலிக்காக ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். காத்திருக்கும் அறையில் இருபது பேர், மூலையில் ஒரு குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. அம்மா கைப்பையிலிருந்து கவசத்தை எடுத்து, மூக்குக் கம்பியை இரண்டு விரலால் அழுத்திவிட்டார். பிறகு எழுந்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த பையனிடம் போனார். பெயின்ட் ஒட்டிப் பல காலமாகத் திறக்காத ஜன்னல் அது.

“கொஞ்சம் இழுத்துப் பாருப்பா. காத்து வரட்டும்.”

மூன்றாவது இழுப்பில் திறந்துகொண்டது.