விற்பனை குறைந்த ஆண்டும் நேர்முகத் தேர்வும்

விற்பனைப் பணிக்கான நேர்முகத் தேர்வில், முந்தைய ஆண்டின் வீழ்ச்சிக்குக் காரணம் கேட்கப்படுவதுண்டு. 2001ஆம் ஆண்டில் கோலார் தங்க வயலில் பணியாற்றிய ஒரு விற்பனைப் பிரதிநிதியை எடுத்துக்கொள்வோம். தாதுவில் தங்கத்தின் அளவு குறைந்தது, சுரங்கத்தின் ஆழம் 3,000 மீட்டரைக் கடந்தது, செலவு பெருகியது. 1972இல் அமைக்கப்பட்ட பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்களை மூடிற்று. சம்பளம் நின்ற ஊரில் கடைக்காரர்கள் கொள்முதலைக் குறைப்பது இயல்பே.

இதனைக் கூறுவது சாக்குப்போக்கு ஆகாது. ஆயினும் இத்துடன் நிறுத்துவோர் பாதி விடையே அளிக்கின்றனர். பிப்ரவரிக்கு முன்னும் பின்னும் மாதவாரி விற்பனை எவ்வளவு? சுரங்கத்தை நம்பியிராத முல்பாகலில் அதே பொருள் எவ்வாறு விற்றது? அங்கும் அதே அளவு குறைந்திருப்பின், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். இக்கணக்கைத் தேர்வாளர் கேட்குமுன் விண்ணப்பதாரரே எடுத்துரைப்பது நன்று.

இலக்கை எட்டியதாகக் காட்டுவதற்காகக் கடனுக்குச் சரக்கைத் திணிக்காமல் பழைய நிலுவையை வசூலித்திருந்தால், அத்தொகையையும் குறிப்பிடலாம். விற்பனை சரிந்த ஆண்டில் வராக்கடன் இல்லாமை சிறு செய்தியன்று. அனுபவமுள்ள தேர்வாளர் இதனை நன்கறிவர். வேலைக்காக நாள்தோறும் ரயிலில் பெங்களூர் சென்று திரும்பும் குடும்பங்களின் தேவையறிந்து பொருள்களை மாற்றியிருந்தால், எந்த மாதத்தில், என்ன பலனுடன் என்பதையும் கூறுதல் வேண்டும்.