அறை வாடகையும் கொள்முதல் செலவே

மிளகாய் வாங்கக் குண்டூர் போகிறோம். மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைக்க அரை நாள் பேசுகிறோம். ஆனால் தங்கும் விடுதியில் கேட்ட வாடகையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இதுவும் சரக்கின் அடக்க விலையில் சேரும் செலவுதான்.

பெரிய கம்பெனிகள் விடுதிகளுடன் ஆண்டு வாடகை பேசி வைத்துக்கொள்கின்றன. இன்று காலியாகக் கிடந்த அறையை நாளை விற்க முடியாது. அழுகும் தக்காளியைப் போன்றது அது. ஆகவே, இத்தனை இரவு வருவோம் என்று உறுதி சொல்பவருக்கு விடுதி விலை குறைக்கும். ஒரு கடைக்கு ஆண்டில் பத்து இரவு என்றால், ஐந்து கடை சேர்ந்தால் ஐம்பது இரவு. சேர்ந்து கேட்டால்தான் மதிப்பு.

நாம் ஒருமுறை ஏமாந்தோம். அறைக்கு 1,400 ரூபாய் என்று மேலாளரிடம் வாய்ப்பேச்சாக முடித்திருந்தோம். மார்ச் மாதம், வரத்து மும்முரமான நேரம், போய் இறங்கினால் மேலாளர் மாறியிருந்தார். புதியவர் 2,100 கேட்டார். ஊரில் வேறு அறை இல்லை. இரண்டு அறை, மூன்று இரவு. 4,200 ரூபாய் கூடுதல். எழுதி வாங்காதது நம் தவறு.

எனவே, விடுதியின் கடிதத்தில் இவை இருக்கட்டும்:

1. வாடகை எவ்வளவு, எந்தத் தேதி வரை.
2. சீசன் நாட்களிலும் அதே வாடகையா, எத்தனை அறை கிடைக்கும்.
3. வரி, காலை உணவு சேர்த்தா, தனியா.
4. 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா.
5. பயணம் ரத்தானால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும்.

வரியையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு முன் 12. 1,400 ரூபாய் அறைக்கு இப்போது வரி 70 ரூபாய். அறை எந்த மாநிலத்தில் உள்ளதோ அந்த மாநில வரிதான் பில்லில் வரும். குண்டூரில் கட்டிய வரியைத் தமிழ்நாட்டுப் பதிவில் வரவு எடுக்க முடியாது. ஆகவே வரி சேர்த்த தொகையையே செலவாகக் கணக்கிடுங்கள்.

கடிதத்தின் நகலைக் கையில் கொண்டு போங்கள். அறையைக் காலி செய்யும்போது பில்லை அதனுடன் ஒத்துப் பாருங்கள். சீசன் இல்லாத நாளில் நேரில் கேட்டால் ஒப்பந்தத்தைவிடக் குறைவாகவே கிடைப்பதுண்டு, அதையும் கேட்டுவிடுங்கள். தங்கிய இரவுகளை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அடுத்த ஆண்டு பேசும்போது அந்த நோட்டே நமக்குப் பலம்.

சொன்னபடி நாமும் வர வேண்டும். ஐம்பது இரவு என்று சொல்லிப் பத்தோடு நின்றால், மறு வருடம் நம் சொல்லுக்கு விலை இராது.